கேட்டுக்குக் கொண்டு வந்த கொய்யாக் கொப்பு

கண்டி டவுனில் இருந்து ஹந்தானைக்கு ஏறும் ரோட்டில்தான் எங்கள் லயம், தோட்டத்து ஆட்களின் வரிசை வீடுகள். லயத்தைத் தாண்டினால் தேயிலை முடியும். பிறகு பைனஸ் மரம், மானாப்புல், அப்புறம் காடு. காட்டைக் கடந்து மலைக்கு அந்தப் பக்கத்துத் தோட்டத்தில் ரோடு இறங்கும். தேயிலைப் பெட்டி ஏற்ற வெட்டிய பாதை. தார் பிந்தித்தான் வந்தது. காட்டுக்குக் காவல் போட்டபோது கேட் வந்தது. அந்தக் கேட்டில் நான் காவல்காரன்.

ரோட்டை அகலமாக்கிய காலத்தில், கேட்டுக்கு அடுத்து ரோடு வளையும் முடக்கில் மண் சரிந்து என் பெரியப்பா செத்தார். அங்கே ஒரு கல் நட்டார்கள். எங்கள் ஆட்கள் போகும்போது ஒரு கொப்பு ஒடித்து அதில் போடுவார்கள். காட்டில் இலை கிள்ளக்கூடாது என்று போர்டு வந்த பிறகு பலர் விட்டுவிட்டார்கள். பெரியம்மா விடவில்லை. மாதம் ஒரு தடவை மலைக்கு அந்தப் பக்கத்துத் தோட்டத்தில் இருக்கும் மகள் வீட்டுக்கு இந்த வழியாக நடந்து போவார். தன் வாசல் கொய்யா மரத்தில் ஒடித்துக் கொண்டு வருவார்.

"ஒங்க காட்ட நான் தொடலடா. நல்லா பாத்துக்க, கொய்யா" என்பார். சிரித்துக்கொண்டு கேட்டைத் திறப்பேன்.

நாள் கூலியில் இருந்த என்னை நிரந்தரமாக்கலாமா என்று பார்க்க ஒரு அதிகாரி வந்தார். மாத்தயா என்றுதான் கூப்பிடுவோம். அவர் பக்கத்தில் நிற்கும்போது பெரியம்மா வந்துவிட்டார். மாத்தயா கொப்பைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

நான் கத்தினேன். சிங்களத்தில். காட்டையா உடைக்கிறாய், கீழே போடு என்று. யாரோ எவரோ மாதிரி.

பெரியம்மா கொப்பை என் காலடியில் வைத்தார்.

"சரிங்க மாத்தயா."

என்னைப் பார்த்துத்தான் சொன்னார். கல்லைத் திரும்பிப் பார்க்காமல் போனார்.

மாத்தயா குனிந்து ஒரு இலையைக் கசக்கி மோந்தார். "இது கொய்யா. வீட்டு மரம். பாவம், ஏன் ஏசினாய்?" என்றார்.

தெரியாது மாத்தயா என்றேன்.

வேலை நிரந்தரமானது. பெரியம்மா இப்போது டவுனுக்கு இறங்கி, இரண்டு பஸ் மாறி மகள் வீட்டுக்குப் போகிறார். லயத்தில் கண்டால் "சாப்பிட்டியா" என்று கேட்கிறார். அவ்வளவுதான்.

கல் சும்மா கிடக்கிறது. நான் ஒரு கொப்பு போடலாம். கொய்யா மரம் அவர் வாசலில் நிற்கிறது. கேட்டுத்தான் ஒடிக்க வேண்டும். இன்னும் கேட்கவில்லை.