மேல்வாயில் ஒரு பாய்

என் கையெழுத்து கோணலாக இருக்கும். எழுத்துப் பிழைகளும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு வங்காலையில் கடலுக்குப் போகத் தொடங்கியவன் நான். வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

என் கடைசி மகள் இரண்டரை வயதில் எங்கள் இரண்டு பேரையும் 'அம்மா' என்றுதான் கூப்பிட்டாள். கரையில் நிற்கும் ஆட்கள் கேலியாக, "அம்மா, இண்டைக்கு என்ன மீன் பட்டது?" என்று என்னைக் கேட்பார்கள். நான் பதில் சொல்வதில்லை. மற்றக் கேள்விகளுக்கும் அநேகமாகச் சொல்வதில்லை.

தண்ணீர் குடித்தால் அவளுக்கு மூக்கால் வந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டொக்டர் அம்மா டோர்ச் அடித்துப் பார்த்தார். மேல்வாயின் பின்பக்கம், எலும்பில்லாத மெல்லிய சதை நடுவில் பிளந்திருக்கிறது என்றார். தமிழில் அது மெல்லண்ணம். டொக்டர்மார் சொல்வது வீலம்.

"அது லத்தீன் சொல். பாய் எண்டு அர்த்தம், வள்ளத்துப் பாய். 'ப' சொல்லேக்க அது எழும்பி மூக்குப் பக்கத்தை மூடவேணும். மூடாட்டி காத்து மூக்கால போய் 'ப' 'ம' ஆகிடும். தைக்கலாம்" என்றார்.

எஞ்சினுக்கு மண்ணெண்ணெய் கிடைக்காத காலத்தில் நான் பழைய பாயைத் தைத்துக் கடலில் ஓடியவன். கிழிசலை இழுத்துத் தைத்தால் பாய் கட்டையாகிவிடும். நனைந்து காய்ந்தால் இன்னும் சுருங்கும். வழக்கமாக இப்படியான இடங்களில் மனைவிதான் கதைப்பாள். அன்று நான் கேட்டேன்.

"இழுத்துத் தைச்சால் கட்டையாப் போகாதோ, டொக்டர்? பிறகு அங்கால எட்டாதே."

மனைவி என் சேர்ட்டைப் பிடித்து இழுத்தாள். "இஞ்சாருங்கோ, அது பிள்ளையின்ர வாய். உங்கட வள்ளம் இல்லை."

டொக்டர் அம்மா சிரிக்கவில்லை. "எங்களுக்கும் அந்தப் பயம்தான். நீளம் விட்டுத்தான் தைப்பம். எண்டாலும் சில பிள்ளையளுக்கு எட்டாது. இப்ப சொல்ல ஏலாது."

ஒப்பரேசனுக்குச் சம்மதம் என்று கையெழுத்து வைத்தேன்.

காயம் ஆறிய பிறகும் அவள் என்னை 'அம்மா' என்றே கூப்பிட்டாள். பழகிய வாய் என்றார்கள். மாதம் ஒரு தரம் பேச்சுப் பயிற்சிக்குப் போனோம். ஏழாவது தரம், பயிற்சி கொடுக்கும் பெண் ஒரு சின்னக் கண்ணாடியை அவளுடைய மூக்குக்குக் கீழே பிடித்து, என்னைக் காட்டி, "இவர் ஆர்?" என்று கேட்டார். மூக்கால் காற்று வந்தால் கண்ணாடி மங்கும். நான் மகளைப் பார்க்கவில்லை, கண்ணாடியைப் பார்த்தேன்.

அது மங்கவில்லை. பார்த்துக்கொண்டிருந்ததில் அவள் சொன்னதைக் கவனிக்கத் தவறிவிட்டேன். இன்னொருக்கால் சொல்லச் சொன்னேன்.

"அப்பா" என்றாள், கோபமாக.

எழுதியது சாம்பல் புதனுக்கு முந்தின செவ்வாய்க்கிழமை, மத்தியானம்.