பன்னிரண்டாவது பாதை

அந்தத் தகரப் பெட்டி ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு கம்பத்தில் அறையப்பட்டிருந்தது. மூடியைத் தூக்கினால் உள்ளே ஒரு தடித்த கொப்பி, நூலில் கட்டிய பென்சில், சில சமயம் ஒரு சிலந்தி. கொப்பியில் நான்கு பத்திகள்: பெயர், போகும் பாதை, புறப்பட்ட நேரம், திரும்பிய நேரம். மலையில் நடக்கப் போகிற எவரும் முதல் மூன்றையும் புறப்படும்போது நிரப்பவேண்டும். நான்காவதைத் திரும்பி வந்தபின். மாலையில் அது வெறுமையாக இருந்தால் ஆளைத் தேடிப் போவார்கள். இதைவிட எளிமையான ஓர் ஏற்பாட்டை நான் கண்டதில்லை. அதனால்தான் அதை அவ்வளவு நம்பினேன்.

மைல் பலகைகளையெல்லாம் கிலோமீற்றருக்கு மாற்றிக்கொண்டிருந்த காலம். மெல்பேர்ணில் நான் வேலைசெய்த வரைபட அலுவலகம் அந்தப் பாலமிருந்த மலைக்கிராமத்தைச் சுற்றியிருந்த நடைபாதைகளை மீண்டும் அளந்து புதிய வரைபடம் போட முடிவுசெய்தது. பாதைகள் பன்னிரண்டு, நாட்கள் பதினைந்து, ஆட்கள் இருவர். ஒருவர் நான், வரைவாளர். படிப்பு முடித்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. மற்றவரை நான் அங்கிள் என்றுதான் கூப்பிடுவேன். ஊரில், இலங்கையில், இருபது வருடங்களுக்கு மேல் வன்னிக் காடுகளை அளந்த நில அளவையாளர். இங்கே அவருடைய சான்றிதழ்கள் செல்லவில்லை. எனக்கு உதவியாளராக, அதுவும் தற்காலிகமாக, வந்திருந்தார். அதற்கு முன் ஒன்றரை வருடம் ஒரு தொழிற்சாலையில் பெட்டிகளுக்கு நாடா ஒட்டியவர். இந்தப் பயணம் ஒழுங்காக முடிந்தால் வேலை நிரந்தரமாகும் என்று பிரிவுத் தலைவர் சொல்லியிருந்தார். காரில் போகும்போது அங்கிள் அதை ஒரே ஒரு தடவைதான் சொன்னார். "இன்னொருக்கா அந்த நாடாவைப் பிடிக்க என்னால ஏலாது, பிள்ளை."

வேலை என்பது நடப்பதுதான். கைபிடியுள்ள ஒற்றைச் சக்கரத்தை உருட்டிக்கொண்டு போகவேண்டும். அதிலிருக்கும் எண்ணி ஒவ்வொரு மீற்றருக்கும் ஒரு தடவை சொடுக்கும். நான் பின்னால் வந்து பலகைகள், திருப்பங்கள், ஓடைகள், விழுந்த மரங்கள் எல்லாவற்றையும் பட்டியலிடுவேன். இலையுதிர்காலம். காலையில் பனிமூட்டம், மதியம் தூறல், சப்பாத்துக்குள் அட்டை. முதல் மூன்று நாட்கள் அழகாக இருந்தன. நான்காம் நாளிலிருந்து மரம் மரமாகவும் ஏற்றம் ஏற்றமாகவும் மட்டுமே தெரிந்தன. இரண்டாம் வாரத்தில் என் இடது குதிக்கால் கிழிந்து காலுறையோடு ஒட்டிக்கொண்டது. அங்கிளுக்கு என்னைவிட இருபத்தெட்டு வயது கூட. ஆனாலும் முன்னால் போய்க்கொண்டே இருப்பார். நான் நின்றால் சக்கரத்தில் சாய்ந்து திரும்பிப் பார்ப்பார்.

"என்ன, பொறியியலாளர் அம்மா, ஏற்றத்தையும் லிஸ்டில எழுதிப்போட்டியோ? எழுதினா நடந்த மாதிரித்தானே உனக்கு."

மாலையில் பாலத்துக்கு வரும்போது அவர் எனக்குக் கால்மணி நேரம் முந்தித் தன் இருப்பிடத்துக்குப் போயிருப்பார். கொப்பியில் அவருடைய நான்காவது பத்தி நிரம்பியிருக்கும். நான் என்னுடையதை நிரப்புவேன். எல்லா வரிகளும் நிரம்பிவிட்டன என்று கடைக்காரப் பெண்மணிக்குச் சொல்லிவிட்டுப் போவேன். கொப்பியைப் பார்ப்பது அவருடைய பொறுப்பு, எங்கள் வரவால் அவருக்கு அந்த நடை மிச்சமானது. நான் தபால் நிலையத்துக்கு மேலே ஓர் அறையில் தங்கியிருந்தேன். அங்கிள் கிராமத்தின் மறுகோடியில், காட்டிலாகாத் தொழிலாளரின் குடிலில்.

கடைசி வெள்ளிக்கிழமை காலை எங்களை ஏற்ற வாகனம் வரும். வியாழக்கிழமை விடிந்தபோது என் பட்டியலில் இரண்டு பாதைகள் மிச்சம்: ஆற்றோரமாகப் போகும் பதினொன்றாவது, மலைமுதுகில் ஏறும் பன்னிரண்டாவது. எந்தப் பாதையிலும் இருவர் சேர்ந்துதான் போகவேண்டும் என்பது அலுவலக விதி. சேர்ந்து போனால் ஒன்றுதான் முடியும். நான் பிரித்தேன். உதிரிச் சக்கரத்தோடு தட்டையானதை நான் எடுத்துக்கொண்டேன், உயரமானதை அவருக்குக் கொடுத்தேன். கால்தான் காரணம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் எனக்கு அலுத்துவிட்டது. பன்னிரண்டு சரிக்குறிகளையும் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகவேண்டும் போலிருந்தது. அங்கிள் மலையை அண்ணாந்து பார்த்தார். "ஓம், போட்டு வாறன்," என்றார்.

மாலை நாலரைக்குக் கொப்பியைத் திறந்தேன். அங்கிளின் வரியில் "4.00" என்றிருந்தது. கடைக்குச் சொன்னேன். சூப் குடித்தேன். காலைக் கழுவி மருந்து போட்டுப் படுத்துவிட்டேன்.

காலை எட்டு மணிக்கு வாகனம் வந்தது, அங்கிள் வரவில்லை. குடிலுக்குப் போனேன். போர்வை மடித்தபடி இருந்தது. அடுப்பு குளிர்ந்திருந்தது. முதல் நாள் இரவுக்கென்று வெட்டிவைத்த பாண் துண்டுகள் ஈரத்துணிக்குள் அப்படியே இருந்தன. பாலத்துக்கு ஓடிவந்து கொப்பியைப் பின்னோக்கிப் புரட்டினேன். பதினைந்து நாளும் அங்கிள் திரும்பிய நேரம் நான்கு மணி. மழை கொட்டி நாங்கள் ஒரு மணிக்கே திரும்பிய நாளிலும் நான்கு மணி. ஒவ்வொரு வரியிலும் புறப்பட்ட நேரமும் திரும்பிய நேரமும் ஒரே பென்சில் முனையில், ஒரே அழுத்தத்தில் இருந்தன. நான் எல்லாவற்றையும் பட்டியலிடுபவள். இதை நான் பார்க்கவில்லை.

காட்டிலாகா ஆட்களோடு நானும் ஏறினேன். பதினொரு மணியளவில் அவரைக் கண்டோம். ஈர மரப்பட்டையில் சறுக்கி, பாதைக்குக் கீழே ஒரு மரத்தடியில் கிடந்தார். வலது கால் முழங்காலுக்குக் கீழே வேறு திசையில் இருந்தது. உதடுகள் நீலம். சக்கரத்தை மட்டும் கல்லில் சாய்த்து நிமிர்த்தி வைத்திருந்தார்.

"முதல்ல அந்த நம்பரை எழுது பிள்ளை. ஆரும் தட்டினா மாறிப்போம்."

எழுதினேன். 6430.

நகர ஆஸ்பத்திரியில் கேட்டேன், ஏன் முன்கூட்டியே எழுதினீர்கள் என்று. கேள்வியே அவருக்குப் புதுமையாக இருந்தது. "கடைசிப் பத்தியை வெறுமையா விட்டிட்டு எப்பிடிப் போறது? வீட்டை விட்டு வெளிக்கிடேக்க ஆர் பிள்ளை போறன் எண்டு மட்டும் சொல்லுறது? காட்டுக்குப் போறவன் திரும்பி வாறதையும் சொல்லிப்போட்டெல்லோ போகவேணும்." நானும் அந்த வழக்கத்தில் வளர்ந்தவள்தான். ஒரு படிவத்தின் பத்திக்கும் அது செல்லும் என்று மட்டும் எனக்குத் தோன்றியதில்லை.

பிரிவுத் தலைவர் ஒரு பக்க அறிக்கை கேட்டார். எண்ணிட்டு எழுதினேன். ஒன்று, காலநிலை. இரண்டு, பாதையின் சரிவு. மூன்று, உதவியாளர் திரும்பிய நேரத்தைப் புறப்படும்போதே பதிந்தமை. நான்கு, அதனால் தேடுதல் தாமதமானமை. முதற்படியில் ஐந்தாவது ஒன்று இருந்தது: விதியை மீறி அவரைத் தனியே அனுப்பியது நான். சுத்தமாகத் தட்டச்சு செய்தபோது பக்கம் நான்கோடு முடிந்தது. இன்னொரு தாளைச் செருகியிருக்கலாம். எழுதியது அத்தனையும் உண்மை என்று நினைத்துக்கொண்டு அனுப்பிவிட்டேன். அவருடைய வேலை நிரந்தரமாகவில்லை. எனக்கு எதுவும் நடக்கவில்லை.

வரைபடம் அச்சாகி வந்தபின், கடந்த மாதம், ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு, நகரின் புறத்தே நோபல் பார்க்கில் இருந்த அவர்கள் வீட்டுக்குப் போனேன். மூன்று வருடங்கள் நான் போகாதிருந்த வீடு. அவருடைய மனைவி, அன்ரி, கதிரையை இழுத்துப் போட்டுவிட்டுக் குசினிக்குள் போனார். அங்கிள் வரைபடத்தை மேசையில் விரித்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, பன்னிரண்டாவது பாதையை விரலால் பிடித்துக்கொண்டு போனார். விரல் ஓரிடத்தில் நின்றது.

"நான் இதிலதான் விழுந்தனான். இதுக்கங்கால மிச்சத்தை ஆர் நடந்தது?"

"ஒருத்தரும் நடக்கேல்லை, அங்கிள். விமானப் படத்தைப் பார்த்துக் கீறினது."

"முழுக்கோடாக் கீறியிருக்கு."

"ஓம்."

நடந்து அளக்காத பகுதியைப் புள்ளிக்கோடாகப் போடுவதுதான் முறை. அப்போதுதான் சொன்னேன், அறிக்கையைப் பற்றி, ஐந்தாவதைப் பற்றி. மூன்று வருடமாகப் பல விதமாக ஒழுங்குபடுத்தி வைத்திருந்த வசனங்கள். வாயில் வந்தபோது இரண்டுதான் இருந்தன.

"தெரியும்," என்றார். "ஆஸ்பத்திரிக்கு அனுப்பினவை, கையெழுத்து வைக்கச் சொல்லி. வாசிச்சுப்போட்டுத்தான் வைச்சனான்."

"ஏன் அங்கிள் ஒண்டும் சொல்லேல்லை?"

"என்னத்தைச் சொல்ல? உன்னையும் சேர்த்து நிப்பாட்டியிருப்பினம். ஒராள் காணும், பிள்ளை."

கோபமில்லாமல் சொன்னார். கோபமாகச் சொல்லியிருக்கலாம். அன்ரி தேத்தண்ணி கொண்டுவந்தார். அங்கிள் சுவர் மணிக்கூட்டைப் பார்த்துவிட்டு அவசரமாகக் குடித்தார். இரண்டு மணிக்கு அவருக்குத் தொழிற்சாலையில் மாலை முறை. சாப்பாட்டுப் பெட்டியைக் கையில் எடுத்தபோது நானும் எழுந்தேன். காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்றேன். வேண்டாம், பஸ் வரும் என்றார். கூட நடந்தேன். அவருடைய வலது கால் ஒவ்வொரு அடிக்கும் வெளிப்பக்கமாக ஒரு சிறு வட்டம் போட்டுத்தான் முன்னால் வந்தது. இரண்டு தடவை நான் அறியாமல் முந்திப்போய், நின்று, அவர் வரும்வரை காத்திருந்தேன். பஸ் தரிப்பிடம் வீட்டிலிருந்து முந்நூறு மீற்றர் இருக்கும். போய்ச் சேரப் பன்னிரண்டு நிமிடம் எடுத்தது.