தண்ணீர் என்று நினைத்த வெள்ளம்

இரண்டு வருடத்துக்கு முன், ஐப்பசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கொல்லத்திலிருந்து செங்கோட்டை போகிற ரயில் பாதையில், தென்மலையைத் தாண்டி மலைக்குள் இருக்கும் ஒரு சின்ன ஸ்டேஷனில் தனியாக இறங்கினேன்.

நான் பிறந்தது தாமிரபரணிக் கரை. கல்யாணமாகி திருவனந்தபுரம் வந்து இருபத்தைந்து வருஷம் ஓடிவிட்டது. ஆரியசாலையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் பில் போடுகிறேன். வாரம் முழுக்க மிளகாய் நெடியும் லாரிக்காரர்களின் சத்தமும்தான். பிள்ளைகள் தலையெடுத்த பிறகு எனக்கு ஒரு கிறுக்குப் பிடித்தது. மாதத்தில் ஒரு ஞாயிறு தம்பானூர் ஸ்டேஷனில் காலை வண்டியைப் பிடித்து, அதிகம் கேள்விப்படாத ஊர் எதிலாவது இறங்கிவிடுவேன். டீ குடிப்பேன், தெருத்தெருவாக நடப்பேன், சாயங்கால வண்டியில் திரும்புவேன். “அவிட என்ன இருக்குன்னு இப்படி ஓடுறே?” என்று என் வீட்டுக்காரர் கேட்பார். “ஒண்ணும் இல்லை, அதுக்குத்தான் போறேன்” என்பேன்.

அன்று புனலூர் போவதாகத்தான் வீட்டில் சொல்லியிருந்தேன். ஆனால் புனலூர் தாண்டினால் மலையும் குகையும் வரும் என்று எதிரே இருந்தவர்கள் பேசிக்கொண்டார்கள். ஆசை யாரை விட்டது? டிக்கெட்டைக் கடைசி ஸ்டேஷன் வரைக்கும் எடுத்து வைத்துக்கொள்வது என் வழக்கம். அதனால் இறங்காமல் உட்கார்ந்துவிட்டேன். இறங்கியபோது போனில் டவர் இல்லை. நான் எங்கே இருக்கிறேன் என்று உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது என்பது அப்போது எனக்குப் பெரிய சந்தோஷமாக இருந்தது.

ரப்பர் தோட்டத்துக்கு நடுவே ஒரு தடம் ஆற்றுக்கு இறங்கியது. ஆறு என்று பெயர்தான், கணுக்கால் அளவு ஓடிக்கொண்டிருந்தது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடுவில் கிடந்த பாறைக்குப் போனேன். காலைத் தண்ணீரில் போட்டுக்கொண்டு எலுமிச்சம்பழச் சாதப் பொட்டலத்தைப் பிரித்தேன். நல்ல வெயில். தூரத்தில் மலை உச்சி மட்டும் கறுத்திருந்தது. கரையில் நைட்டியும் தோளில் தோர்த்துத் துண்டுமாக ஒரு பெண் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். என்னைவிடப் பத்து வயது குறைவாக இருக்கும். அவள் சிரித்தாள், நானும் சிரித்தேன்.

சாப்பிட்டு முடித்திருப்பேன். “சேச்சீ! வெள்ளம் வருன்னு! கேறி வா!” என்று அவள் கத்தினாள்.

தமிழ்நாட்டில் இருக்கிறவர்களுக்கு இதைக் கேட்டாலே குலை நடுங்கும். ஆனால் மலையாளத்தில் வெள்ளம் என்றால் வெறும் தண்ணீர். நான் கேரளத்துக்கு வந்து முதலில் கற்ற வார்த்தையே அதுதான். வந்த புதிதில் பக்கத்து வீட்டில் “தண்ணி” கேட்டேன். அங்கே தண்ணி என்றால் சாராயம். அவர்கள் சிரித்த சிரிப்பில் அன்றோடு தண்ணி என்ற வார்த்தையையே விட்டேன். எங்கள் சந்தில் தினம் விடிந்ததும் “வெள்ளம் வருன்னு” என்று யாராவது கூவுவார்கள். குழாயில் தண்ணீர் வருகிறது, குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடு என்று அர்த்தம். கால் நூற்றாண்டாக அந்தக் குரலைக் கேட்டு எழுந்திருக்கிற எனக்கு வேறென்ன தோன்றும்? இந்த ஊரிலும் குழாயில் தண்ணீர் வந்துவிட்டது போலிருக்கிறது, வெளியூர்க்காரிக்குக் குடிக்கத் தருகிறேன், கரையேறி வா என்று கூப்பிடுகிறாள், என்ன உபசாரம் என்று நினைத்தேன்.

பாட்டிலைத் தூக்கிக் காட்டினேன். “வேண்டாம் சேச்சி, வெள்ளம் கையில உண்டு!” என்றேன்.

அவள் திகைத்துப்போய் நின்றாள். மறுபடி அதையே கத்தினாள். நான் மறுபடி சிரித்துக்கொண்டே பாட்டிலை ஆட்டினேன். அந்த நேரத்தில்தான் மலைக்குள்ளிருந்து ரயில் வருகிற மாதிரி ஓர் இரைச்சல் கேட்டது. இப்போது வண்டி ஏதும் இல்லையே என்று நினைத்தேன். அவ்வளவு புத்திசாலி நான்.

என் பேச்சை வைத்து அவளுக்கு என்ன புரிந்ததோ, சட்டென்று தமிழுக்கு மாறினாள். “ஏ அக்கா! ஆத்துல வெள்ளம் வருது! ஓடியாங்க!”

அதே வார்த்தைதான். ‘வருன்னு’ போய் ‘வருது’ வந்தது, அவ்வளவுதான். இப்போதுதான் அது தமிழ் வெள்ளமாகக் காதில் விழுந்தது. குனிந்து பார்த்தேன். தெளிவாக இருந்த தண்ணீர் செம்மண் நிறத்தில், சருகும் குச்சியுமாக ஓடியது. கணுக்காலில் இருந்தது முழங்காலைத் தொட்டுவிட்டது.

எழுந்து இறங்கினேன். தண்ணீர் காலைத் தள்ளியது. இரண்டடி வைப்பதற்குள் வழுக்கி விழுந்தேன். கையில் ஒரு கல் அகப்பட்டது. அதைக் கட்டிக்கொண்டேன். வாய்க்குள் மண்ணும் தண்ணீரும். பையும் செருப்பும் போயின. புனலூரில் தேடுவார்களே, என்னை யாரும் இங்கே தேட மாட்டார்களே என்று ஒரே நினைப்பு. அந்தப் பயம் வெள்ளத்தைவிடப் பெரிதாக இருந்தது.

அவள் இறங்கிவிட்டாள். ஒரு கையால் கரையில் தொங்கிய மரவேரைப் பிடித்துக்கொண்டு, துவைத்து முறுக்கி வைத்திருந்த வேட்டியை மறுகையால் என் பக்கம் வீசினாள். முதல் தடவை எட்டவில்லை. அவள் இன்னும் உள்ளே வந்தாள். தண்ணீர் அவள் இடுப்புக்கு ஏறியது. வேரை விட்டால் அவளும் போய்விடுவாள் என்று எனக்கே தெரிந்தது. இரண்டாவது தடவை வேட்டி முனை என் கையில் சிக்கியது. அவள் இழுத்த இழுப்பில் முட்டி சிராய்த்துக்கொண்டு கரையில் வந்து விழுந்தேன். இருவரும் தவழ்ந்து மேலே ஏறித் திரும்பிப் பார்த்தால் நான் உட்கார்ந்திருந்த பாறையைக் காணவில்லை. அந்த இடத்தின் மேல் ஒரு வாழைமரம் குலையோடு உருண்டு போனது.

அவள் திட்டத் தொடங்கினாள். “வெள்ளம் வருது வெள்ளம் வருதுன்னு தொண்டை கிழிய விளிக்கேன், நீங்க சிரிச்சிக்கிட்டு குப்பியத் தூக்கிக் காட்டுறீங்க!” செங்கோட்டைப் பக்கத்துப் பெண், இங்கே வாழ்க்கைப்பட்டவள். நான் குழாய்த் தண்ணீர்க் கதையைச் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் சிரிக்கவில்லை. என் முகத்தையே பார்த்தாள்.

“வீட்டுல எதும் பிரச்சினையாக்கா?” என்று மெதுவாகக் கேட்டாள்.

எனக்குப் புரியவில்லை.

“எதுவா இருந்தாலும் பேசித் தீத்துக்கிடலாம்க்கா. இப்படி வந்து உக்காரக் கூடாது.”

அப்போதுதான் உறைத்தது. தனியாக வந்த ஒரு பொம்பளை, நடு ஆற்றில் உட்கார்ந்து, வெள்ளம் வருகிறது என்றால் வேண்டாம் என்று சிரிக்கிறாள். வேறென்ன நினைப்பாள் பாவம்? “ஐயோ, நான் சாக வரலைம்மா” என்றேன். “சரிக்கா, சரிக்கா” என்றாள். என் மணிக்கட்டைப் பிடித்த கையை மட்டும் விடவில்லை.

அவள் வீட்டில் மாற்று நைட்டி கொடுத்தாள், பால் விடாத கட்டன் சாயா கொடுத்தாள். ஸ்டேஷனுக்கு அவளே கூட்டி வந்து, அங்கே டவர் எடுக்கிற தன் போனில் என் வீட்டுக்காரரிடம் பேசினாள். “அண்ணாச்சி, அக்காவ வண்டியில ஏத்தி விடுதேன். ஸ்டேஷன்ல வந்து நில்லுங்க. கொஞ்ச நாளு தனியா விடாதீங்க.” அந்த மனிதர் பதறிப்போய்க் கொல்லத்துக்கே வந்து நின்றார். திரும்பி வரும் வண்டியில், “நான் உன்னை ஏதாவது சொன்னேனா?” என்று கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அந்தச் சின்ன ஸ்டேஷனில் என் வண்டி வரும் வரைக்கும் பிளாட்பாரத்தில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தது கண்ணிலேயே நிற்கிறது. எத்தனை சொல்லியும் அவள் நம்பவே இல்லை. இப்போதும் சில நாள் தூக்கத்தில் செம்மண் தண்ணீர் வந்து வாயை அடைக்கிறது, திடுக்கிட்டு விழித்துக்கொள்கிறேன். அப்போதெல்லாம் அவளைத்தான் நினைத்துக்கொள்கிறேன். தவறி விழுந்தவளை யாரும் தூக்குவார்கள். சாகத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டே, எனக்கு வேண்டாத உயிர் தனக்கு வேண்டும் என்று அந்தப் பெண் ஆற்றில் இறங்கினாள்.