அம்மாவையே கேளுங்கள்

இந்த நினைவு மலரின் அட்டையில் உள்ள அம்மாவின் படத்தைப் பார்த்திருப்பீர்கள். வலது காதுக்குப் பின்னால் சாம்பல் நிறத்தில் ஒன்று தெரிகிறது. அச்சகத்துக்காரர் அதை அழித்துத் தருவதாகச் சொன்னார். "ரெண்டு நிமிச வேலைங்க மேடம், இருந்த தடமே தெரியாது" என்றார். உறவினர்களில் மூன்று பேர் எனக்கு அலைபேசியில் அழைத்து அதையே சொன்னார்கள். மாலை போட்ட படத்தில் காது மிஷின் தெரிந்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்பது அவர்களது கவலை. அழிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். கடைசி ஆறு ஆண்டுகள் அம்மா தலைநிமிர்ந்து வாழ்ந்தார் என்றால் அதற்கு அந்தக் கருவி ஒரு காரணம். அது இல்லாத படம் வேறு யாருடைய படமாகவோ இருந்திருக்கும்.

அம்மா எங்களை விட்டுப் பிரிந்து இன்றோடு ஓராண்டு ஆகிறது. மகள் என்ற முறையில் அவரது வாழ்க்கையை எழுதித் தரும்படி அண்ணன் கேட்டுக்கொண்டார். "யாரு மனசும் நோகாம எழுது" என்றும் சொன்னார். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நோகிற இடத்தில் முதலில் நோகப் போவது நான்தான்.

ஊத்தங்கரைக்குப் பக்கத்தில், மழையை நம்பி நிலக்கடலை விதைக்கும் குடும்பத்தில் மூத்த பெண்ணாகப் பிறந்தார் அம்மா. எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. பத்தொன்பது வயதில் ஓசூரில் லேத் வேலை பார்த்த அப்பாவைத் திருமணம் செய்துகொண்டு பாகலூருக்கு வந்தார். வந்த புதிதில் கடைக்காரர் தெலுங்கில் பேசுவார். பக்கத்து வீட்டு அம்மா கன்னடத்தில் பேசுவார். இரண்டு ஆண்டுகளில் அம்மா இரண்டு மொழிகளிலும் சண்டை போடும் அளவுக்குத் தேறிவிட்டார். மதில் சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்றுகொண்டு அம்மாவும் பக்கத்து வீட்டு அம்மாவும் பேசும் கன்னடப் பேச்சில்தான் நாங்கள் வளர்ந்தோம்.

நான் ஏழாம் வகுப்பு படிக்கும்போது, ஷிப்டுக்குப் போகும் வழியில் அப்பாவுக்கு மாரடைப்பு வந்தது. மருத்துவமனைக்குக் கொண்டு போவதற்குள் உயிர் போய்விட்டது. அம்மாவுக்கு அப்போது முப்பத்தைந்து வயது. பிள்ளைகளோடு ஊருக்கே வந்துவிடச் சொல்லித் தாய்மாமா அழைத்தார். "புள்ளைங்க படிப்பு இங்க இருக்குது. நானும் இங்கியே இருந்துக்கறேன்" என்றார் அம்மா. அடுத்த மாதமே ஓசூரில் ஒரு பிரஸ் ஷாப்பில் வேலைக்குச் சேர்ந்தார்.

பிரஸ் ஷாப் என்பது இரும்புத் தகட்டை இயந்திரத்தில் வைத்து அடித்து வெட்டும் இடம். ஒரே கூரைக்குக் கீழே பதினான்கு இயந்திரங்கள். ஒவ்வொரு அடிக்கும் தரை அதிரும். அம்மாவுக்குச் சாப்பாடு கொண்டுபோன ஒரு நாள், வாசலில் நின்ற ஐந்து நிமிடத்திலேயே நான் காதைப் பொத்திக்கொண்டேன். அம்மா அங்கே இருபத்தோரு ஆண்டுகள் வேலை பார்த்தார். பஞ்சு வைத்துக்கொண்டால் கூப்பிடுவது கேட்காது என்று சூப்பர்வைசர் எடுக்கச் சொல்வாராம். அந்தச் சம்பளத்தில்தான் அண்ணன் டிப்ளமோ முடித்தார். நான் ஆசிரியை ஆனேன். எங்கள் படிப்பை அம்மாவின் காதிலிருந்துதான் எடுத்துக்கொண்டோம் என்பதைப் புரிந்துகொள்ள எனக்கு வெகு காலம் ஆயிற்று.

அம்மாவுக்கு ஐம்பது வயதானபோது முதலில் கன்னடம் போயிற்று. பக்கத்து வீட்டு அம்மா வாய்க்குள்ளேயே பேசுகிறார் என்று குறைப்பட்டுக்கொண்டு, மதில் பக்கம் போவதை நிறுத்திவிட்டார். பிறகு தெலுங்கும் போனது. பிறகு தமிழிலும் பாதிதான் காதில் விழுந்தது. குக்கர் விசில் கேட்காமல் சோறு அடிப்பிடித்தது. அண்ணனின் நிச்சயதார்த்தத்தில் ஒருவர் "எப்ப வந்தீங்க?" என்று கேட்க, அம்மா "இப்பத்தான் சாப்ட்டங்க" என்றார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அன்றோடு அம்மா விசேஷங்களுக்குப் போவதை விட்டுவிட்டார். கூப்பிட்டால் வருவதில்லை, திமிர் பிடித்தவர் என்று சில வீடுகளில் பேசிக்கொண்டார்கள். அவர்களில் சிலர் கையிலும் இன்று இந்த மலர் இருக்கிறது.

நானும் ஒழுங்கில்லை. வீட்டில் நாங்கள் ஏதாவது பேசிச் சிரித்தால், "என்னா கண்ணு?" என்று அம்மா ஆவலாகக் கேட்பார். ஒருமுறை சொல்வேன். இரண்டாம் முறை கத்துவேன். மூன்றாம் முறை "ஒண்ணுமில்ல, விடும்மா" என்பேன். அம்மா தலையை ஆட்டிவிட்டு முறத்தைக் கையில் எடுத்துக்கொள்வார். எத்தனை நூறு முறை அப்படிச் சொன்னேனோ தெரியாது.

அம்மா வேலையிலிருந்து நின்று மூன்று ஆண்டுகள் கழித்து, அவருக்கு நினைவு தப்புகிறது என்று நாங்களே ஒரு முடிவுக்கு வந்தோம். மாமா வந்தார். அண்ணன், அண்ணி, நான் எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்தோம். அம்மாவும் அங்கேயேதான் இருந்தார். அவரை எதிரில் வைத்துக்கொண்டே அவரைப் பற்றிப் பேசினோம்.

"அடுப்புல வெச்சத மறந்துடுது. ஒண்ணு கேட்டா ஒண்ணு சொல்லுது. தனியா வுடறது ஆபத்து. அக்காவ நான் ஊருக்குக் கூட்டிட்டுப் போயிடறேன். இந்த வீட்ட வாடகைக்கு வுட்டுருங்க" என்றார் மாமா.

அம்மா எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்துச் சிரித்தார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம்.

ஊருக்கு அனுப்பும் முன் ரத்த அழுத்தம் பார்க்கலாம் என்று ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனேன். முகக்கவசம் போட்டிருந்த செவிலியர் பெயரைக் கேட்டார். அம்மா பேசாமல் இருந்தார். "அவங்களுக்குக் கொஞ்சம் மறதிங்க" என்று நான் முந்திக்கொண்டேன். செவிலியர் என்னைப் பார்க்கவில்லை. முகக்கவசத்தை இறக்கிவிட்டு, அம்மாவின் முகத்துக்கு நேராக அதே கேள்வியைக் கேட்டார். அம்மா பெயர், வயது, தெரு எல்லாம் சரியாகச் சொன்னார்.

"மறதி இல்லைங்க டீச்சர். உதட்டப் பாத்துப் பதில் சொல்றாங்க. மொதல்ல காதக் காட்டுங்க" என்றார் செவிலியர்.

மறுநாளே ஓசூரில் காது மருத்துவரிடம் போனோம். சத்தம் புகாத சிறிய அறையில் அம்மாவை உட்கார வைத்து, ஒலி கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். பரிசோதித்த பெண்ணுக்கு என் மாணவிகளின் வயதுதான் இருக்கும். பிறகு ஒரு தாளால் தன் வாயை மறைத்துக்கொண்டு அவர் சில சொற்களைச் சொன்னார். 'பல்' என்றதற்கு அம்மா 'கல்' என்றார். 'சட்டி' என்றதற்கு 'கட்டி' என்றார். பத்துச் சொற்களில் மூன்றுதான் சரி.

அந்தப் பெண் என்னிடம் திரும்பினார். "அம்மாவுக்குச் சத்தம் கேக்குது மேடம், வார்த்தைதான் முழுசா வரல. பாதி வார்த்தைய வெச்சிக்கிட்டு மீதிய இவங்களே கணக்குப் போட்டுப் பேசியிருக்காங்க. இத்தன வருசம் அப்படிச் சமாளிக்கறதுக்கு எவ்ளோ புத்தி வேணும்!" என்றார்.

என்ன சொல்கிறார் என்று அம்மா கேட்டார். 'ஒண்ணுமில்ல' என்று சொல்ல வாய் வரவில்லை. அவர் சொன்னதை அப்படியே ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அம்மா இரண்டு முறை படித்தார்.

"நீங்க எல்லாரும் சொல்லச் சொல்ல, எனக்கே சந்தேகம் வந்துடுச்சு கண்ணு. நெசமாவே புத்தி கெட்டுப் போச்சோன்னு" என்றார். பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்து, "மாட்டு தாயி. ரெண்டு காதுலயும் மாட்டு" என்றார்.

கருவி மாட்டியதும் எல்லாம் சரியாகிவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். பிரஸ் ஷாப் தின்ற காதை எந்தக் கருவியாலும் திருப்பித் தர முடியாது. மிச்சம் இருப்பதற்குக் கைகொடுக்கத்தான் முடியும். முதல் வாரம் அம்மா தவித்தார். பாத்திரம் உருளும் சத்தம் மண்டையில் இடித்தது. மின்விசிறி இரைந்தது. தம் செருப்புச் சத்தத்துக்கே திரும்பிப் பார்த்தார். கழற்றிச் சோப்பு டப்பாவில் போட்டுவிட்டார். நான்காம் நாள் அவராகவே பேருந்து ஏறிப் போய், அந்தப் பெண்ணிடம் சத்தத்தைத் திருத்தி வைத்துக்கொண்டு வந்தார். முதல் நாள் ஒரு மணி நேரம், மறுநாள் இரண்டு மணி நேரம் என்று பழகினார். வானொலிச் செய்தியைக் கேட்டு, கேட்டதை நோட்டில் எழுதிப் பார்த்துக்கொண்டார். மூன்று வாரத்தில் காலை முதல் படுக்கும் வரை கருவி காதிலேயே இருந்தது.

அப்போதுதான் மாமா வண்டி பேசிக்கொண்டு அம்மாவை அழைத்துப் போக வந்தார். கருவி வாங்கியதை நாங்கள் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. அம்மா ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

வாசலில் நின்றபடியே மாமா அண்ணனிடம், "அக்காகிட்ட ஒண்ணும் சொல்லிக்கிட்டு இருக்காத. கோயிலுக்குப் போறோம்னு வண்டியில ஏத்திடலாம். அதுக்கு எங்க காது கேக்கப் போவுது" என்றார்.

"கேக்குது. சொல்லு" என்றார் அம்மா, திரும்பாமலே.

அம்மா எழுந்து வந்து, முந்தானையை விலக்கி இரண்டு காதையும் காட்டினார்.

"புருசன் செத்தப்பவே இந்த வீட்ட வுட்டு வரல. இப்ப வந்துருவனா? என்னயப் பத்திப் பேசறதுன்னா என்னயக் கேட்டுப் பேசு. உள்ள வந்து சாப்டுட்டு, வந்த வண்டியிலயே நீ ஊருக்குப் போ" என்றார்.

மாமா சாப்பிட்டார். காலி வண்டியில்தான் ஊருக்குப் போனார்.

அதன் பிறகு ஆறு ஆண்டுகள். ரேஷன் கடைக்கும் வங்கிக்கும் அம்மா தனியாகவே போய் வந்தார். அலைபேசியில் பேசத் தொடங்கினார். நான் அழைத்தால், வேறு அழைப்பில் இருக்கிறார் என்றே பாதி நாள் வரும். ஒரு நாள் காலை மதிலுக்கு அப்பாலிருந்து "ஊட்டா ஆய்தா?" என்று சாப்பாட்டை விசாரித்துக் குரல் வந்தது. அம்மா கையிலிருந்த பாத்திரத்தைப் போட்டுவிட்டு ஓடினார். அந்த இரண்டு பேரும் அன்று மத்தியானம் வரை அங்கேயே நின்றார்கள். கல்யாண வீடுகளில் அம்மா முன்வரிசையில் உட்கார்ந்தார். "இந்த வயசுல இது என்னாத்துக்கு?" என்று ஒரு பெரியம்மா கேட்டபோது, "கண்ணாடி போட்டிருக்கியே, நீ என்னாத்துக்குப் போட்ட?" என்று திருப்பிக் கேட்டார்.

பழைய பிரஸ் ஷாப்பையும் அம்மா விடவில்லை. வாரத்தில் ஒரு நாள், சாப்பாட்டு வேளையில், எதிரில் இருந்த டீக்கடைக்குப் போய் உட்கார்ந்துகொள்வார். வெளியே வரும் பெண்களிடம் தம் காதைக் காட்டுவார். "வூட்டுக்குப் போனப்புறமும் காதுல ஙொய்னு கேக்குதா? அப்பவே போய்ப் பாரு. என்னய மாதிரி ஒம்பது வருசம் ஊமையா உக்காராத" என்பார். பிரஸ் ஷாப்பிலிருந்து ஆட்கள் வந்து விரட்டினார்கள். டீக்கடை உங்களுடையதா என்று அம்மா கேட்டார். ஐந்து பெண்கள் பரிசோதனைக்குப் போனார்கள். அவர்களில் மூன்று பேர் கருவி மாட்டிக்கொண்டார்கள். எல்லோருக்கும் காதடைப்பான் கிடைத்துவிட்டது என்று எழுத ஆசைதான். பகல் ஷிப்டுக்கு மட்டும் கிடைத்தது. அதுவும் பெண்கள் சேர்ந்து போய்க் கேட்ட பிறகு.

சென்ற ஆண்டு அம்மாவின் சிறுநீரகங்கள் செயலிழந்தன. தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்தபோது வளையல், தோடோடு சேர்த்துக் கருவிகளையும் கழற்றி ஒரு பையில் போட்டு எங்கள் கையில் கொடுத்துவிட்டார்கள். மறுநாள் இளம் மருத்துவர் ஒருவர் எங்களை அழைத்து, "கேட்டா பதில் வரல. கன்ஃபியூஷன் இருக்கு. டயாலிசிஸ் பத்தி நீங்கதான் முடிவு பண்ணணும்" என்றார்.

அண்ணன் பேனாவை வாங்கிவிட்டார். நான் பையைப் பிரித்தேன். "இத மாட்டிட்டு அம்மாவையே கேளுங்க" என்றேன். உள்ளே விட மறுத்தார்கள். கேட்காமல் கையெழுத்துப் போட மாட்டோம் என்று நின்றேன். அண்ணனும் பேனாவை மேசையில் வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றார். கடைசியில் அந்த மருத்துவரே கருவிகளை வாங்கிப் போய்த் தம் கையால் மாட்டினார். குனிந்து நிதானமாக எல்லாவற்றையும் விளக்கினார்.

அம்மா இரண்டு கேள்விகள் கேட்டார். இதைச் செய்தால் எழுந்து நடப்பேனா? எத்தனை நாள் இங்கேயே இருக்க வேண்டும்? மருத்துவர் மறைக்காமல் சொன்னார்.

"அப்படின்னா வேணாம் சார். வூட்டுக்கு அனுப்பிடுங்க. கேட்டுச் சொன்னதுக்கு நல்லா இருங்க" என்றார் அம்மா.

பாகலூர் வீட்டில் மேலும் பதினொரு நாட்கள் இருந்தார். பேசினார், நாங்கள் பேசியதைக் கேட்டார், யார் யாருக்கு எந்தப் புடவை என்று சொன்னார். என் குற்றத்தை எல்லாம் சொல்லி அழுதேன். "எல்லாம் கேட்டுட்டன். போய் மூஞ்சி கழுவு" என்றார். பன்னிரண்டாம் நாள் விடியலில் உறக்கத்திலேயே போய்விட்டார்.

முகக்கவசத்தை இறக்கிப் பேசிய செவிலியருக்கும், அம்மாவின் காதுக்கு ஒலியைத் திருத்தித் தந்த அந்தப் பெண்ணுக்கும், குனிந்து கேட்ட இளம் மருத்துவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. மதிலுக்கு அப்பாலிருந்து மறுபடியும் கூப்பிட்ட பக்கத்து வீட்டு அம்மாவுக்கும், ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு இறுதி ஊர்வலத்தில் கடைசிவரை நடந்து வந்த பிரஸ் ஷாப் பெண்களுக்கும் எங்கள் வணக்கம்.

இன்று இலை போடும் கூடத்துக்குப் பக்கத்து அறையில், அம்மாவின் காதைப் பரிசோதித்த அதே பெண் தன் பரிசோதனைப் பெட்டியோடு உட்கார்ந்திருப்பார். ஒருவருக்குக் கால் மணி நேரம்கூட ஆகாது. தொலைக்காட்சிச் சத்தத்தைக் கூட்டி வைப்பவர்கள், போன் மணி கேட்காதவர்கள், கூட்டத்தில் சும்மா தலையாட்டிவிட்டு வருகிறவர்கள் பந்திக்கு முன் உள்ளே போய்விட்டு வாருங்கள். கூச்சமாக இருக்கிறதென்றால், வரிசையில் முதல் நாற்காலியைப் பாருங்கள். ஆறு மாதமாக எதைச் சொன்னாலும் "ஆங்?" என்று கேட்கும் என் தாய்மாமா, யாரும் சொல்லாமலே, காலை ஏழு மணிக்கே வந்து அங்கே உட்காருவேன் என்று என்னிடம் சொல்லிவைத்திருக்கிறார்.