மை இல்லாத விரல்கள்

எறும்பக்கா என்றால்தான் அந்த வட்டாரத்தில் ஆள் தெரியும். சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால், "அப்படி யாரும் இங்க இல்லையே" என்று வந்த வழியே அனுப்பிவிடுவார்கள். நகராட்சியின் இலவச மருத்துவ நிலையத்தில், மருந்து கொடுக்கும் ஜன்னலை ஒட்டிய சின்ன அறை அவளுடையது. ஒரு மேசை, இரண்டு நாற்காலி, பஞ்சு டப்பா, சர்க்கரை பார்க்கும் மீட்டர். வருகிறவர்கள் கையை நீட்டும்போதே முகத்தைச் சுளிப்பார்கள். "எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும், அந்தப் பக்கம் பாருங்க" என்பாள். அவர்கள் அந்தப் பக்கம் பார்த்துத் திரும்புவதற்குள் வேலையை முடித்து, பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டிருப்பாள். பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது.

இதில் மாயமந்திரம் ஒன்றும் கிடையாது. விரல் நுனியின் நடுவில் வலி அதிகம், ஓரத்தில் குறைவு. அவள் விரலை லேசாகத் திருப்பி ஓரமாகக் குத்துவாள். ஊசி வைத்த பேனாவில் ஆழத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு திருகு உண்டு. ஆளின் தோலைத் தடவிப் பார்த்து அதையும் மாற்றிக்கொள்வாள். கூட்டம் வாசல்வரை நின்றாலும் இதை மட்டும் விடமாட்டாள். அவளுக்கு இருந்த ஒரே கர்வமும் இதுதான்.

அந்த வருடத்து நகராட்சித் தேர்தலில் பதவியில் இருந்த தலைவரே மறுபடியும் நின்றார். மருத்துவ நிலையத்தை இடித்துவிட்டுக் கடைத்தொகுதி கட்டுவேன் என்று மேடைக்கு மேடை முழங்கினார். எதிர்த்து நின்றவர் ஒரு வக்கீல். நிலையத்தில் ஒரு செங்கல்லைக்கூட யாரும் தொடமுடியாது என்று அவர் சத்தியம் செய்தார். மூன்றாவதாக நின்றவர் பள்ளத்தெருப் பஞ்சர் கடைக்காரர். மழை பெய்தால் அந்தத் தெருவில் சாக்கடை வீட்டுக்குள் வரும். அதைப் பற்றிப் பேச ஒருவரும் இல்லை என்று கோபித்துக்கொண்டு நின்றார். ஜெயிக்க மாட்டோம் என்று அவருக்கே தெரியும்.

நகராட்சிச் சம்பளம் வாங்குகிறவள் பிரசாரம் செய்யக்கூடாது. ஆனால் வாய்க்கு யார் பூட்டுப் போட முடியும்? பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டே, "வக்கீலுக்குப் போடுங்க, இல்லேன்னா அடுத்த தடவை இந்த ரூம் இருக்காது" என்று ஒருவர் விடாமல் சொன்னாள். எல்லோரும் தலையாட்டினார்கள். தலையாட்ட என்ன செலவு?

வக்கீல் தோற்றார். தோற்றதும் நூறு சொச்சம் ஓட்டில். பஞ்சர் கடைக்காரர் வாங்கியிருந்தது முந்நூறுக்குப் பக்கம். ஊரில் பாதிப்பேர் ஓட்டுச்சாவடிப் பக்கம் தலைவைத்தே படுக்கவில்லை. எறும்பக்காவுக்கு வயிறு பற்றி எரிந்தது. ஜெயித்தவர்மேல்கூட அவளுக்கு அவ்வளவு கோபம் இல்லை. அவர் செய்யப்போவதைச் சொல்லிவிட்டுத்தான் நின்றார். இந்தத் தலையாட்டிகளை என்ன செய்வது?

ஓட்டுப் போட்டவர்களுக்கு அங்கே இடது ஆள்காட்டி விரலில், நகமும் தோலும் சேரும் இடத்தில் மை வைப்பார்கள். ஊரில் அத்தனை விரல்களும் வந்து நிற்கிற இடம் எது? அவள் மேசைதான். முடிவு வந்த மறுநாள் காலையில் முதல் ஆளாக முடிவெட்டும் கடைக்காரர் வந்து கையை நீட்டினார். விரல் துடைத்துவைத்த மாதிரி இருந்தது.

"ஓட்டுப் போடலையா?"

"எவன் வந்தா என்ன? நம்ம பொழப்ப நாமதானே பாக்கணும். ஒருநாள் லீவு கிடைச்சுது, நல்லாத் தூங்கினேன்."

அவள் பேனாவை எடுத்தாள். திருகைக் கூட்டினாள். விரலைத் திருப்பாமல் நட்டநடுவில் வைத்து அழுத்தினாள்.

"ஸ்ஸ்... என்ன இன்னிக்கு எறும்பு பெருசா இருக்கு?"

"எறும்பும் எத்தனை நாளைக்குத்தான் சும்மா இருக்கும்?" என்றாள்.

அவர் சிரித்துக்கொண்டே போனார். அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அவளுக்கு இனித்தது. அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. மை இருந்தால் ஓரம், இல்லாவிட்டால் நடு. அப்புறம் யாரிடமும் காரணம் கேட்பதைக்கூட விட்டுவிட்டாள். விரலே சொல்லிவிடுகிறதே, வாய் எதற்கு? பக்கத்துக் கேன்டீனில் பாத்திரம் கழுவுகிற பெரியவர் வாராவாரம் வருவார். அவர் விரலும் வெறும் விரல். அவருக்கும் நடுவில்தான். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு, எழுந்து, கும்பிட்டுவிட்டுப் போவார்.

எறும்பக்காவின் சொந்த அக்கா வந்தது அந்த வாரக் கடைசியில். அக்கா என்றால் அம்மா மாதிரி. அம்மா போனபிறகு தையல் மெஷினை மிதித்து இவளைப் படிக்கவைத்தவள். ரத்தம் பார்க்கும் படிப்புக்குக் கட்டிய பணமெல்லாம் அந்த மெஷினில் தைத்த பள்ளிக்கூடப் பைகள்தான். கல்யாணம் காட்சி என்று ஒன்றும் இல்லாமல், பள்ளத்தெருவில் ஓர் அறையில் இன்னும் பை தைத்துக்கொண்டிருந்தாள். சர்க்கரை அவளுக்குப் பல வருடமாக உண்டு.

அக்கா கையை நீட்டினாள். ஆள்காட்டி விரலில் மை பளிச்சென்று இருந்தது. எறும்பக்காவுக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. அந்த விரலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"நீயாவது போட்டியே அக்கா. உன்னை மாதிரி இன்னும் நூறு பேர் போட்டிருந்தா போதும்."

அக்காவுக்குப் பொய் வராது. அதுதான் அவளிடம் இருக்கிற கெட்ட பழக்கம்.

"நான் உங்க வக்கீலுக்குப் போடலடி. பஞ்சர் கடைக்காரருக்குப் போட்டேன்."

அறைக்கு வெளியே வரிசை நின்றது. எறும்பக்கா குரலைத் தாழ்த்திக்கொண்டு, "விளையாடாதே" என்றாள்.

"இதுல என்ன விளையாட்டு? போன மழைக்கு முழங்கால் அளவு சாக்கடை வீட்டுக்குள்ள வந்துச்சு. மெஷினைத் தலையில தூக்கிட்டுப் போய்த் தன் கடையில வச்சது அவர்தான். உன் வக்கீலும் ஓட்டுக் கேட்டு வந்தாரு. செருப்பு நனையும்னு தெரு முனையோட திரும்பிட்டாரு."

"இந்த ரூம் போயிடும்னு உனக்குத் தெரியும்ல? என் வேலை போயிடும்னு தெரியும்ல?"

"தெரியும். ராத்திரியெல்லாம் யோசிச்சேன். ஆனா அந்த மனுஷனுக்குப் போடாம வந்தா, மெஷின் முன்னால எப்படிடி உக்காருவேன்?"

அப்போது எறும்பக்காவின் நாக்கில் சனி வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தது. "அப்ப சரி. இனிமே உன் விரலையும் அந்தப் பஞ்சர் கடைக்காரன்கிட்டயே கொண்டுபோய்க் காட்டு. சர்க்கரையும் அவனே பாப்பான், பஞ்சர் ஒட்டியும் விடுவான்" என்றாள். வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். அக்கா நீட்டிய கையை மடக்கிக்கொண்டு எழுந்துபோனாள். சர்க்கரை பார்க்கவே இல்லை.

அடுத்த வாரம் அக்கா வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. அழைத்துப் பேசினால் என்ன என்று தோன்றும். உடனே, நான் ஏன் இறங்கிப்போகணும், என் சோற்றில் மண்ணைப் போட்டது அவள்தானே என்று வீம்பு மேலே ஏறிக்கொள்ளும். வேறு எங்காவது காசு கொடுத்துப் பார்த்துக்கொள்வாள் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். நிலையத்தின் சுவரில் இடிப்பதற்கு அடையாளமாகச் சிவப்புச் சாயத்தில் பெருக்கல் குறி போட்டுவிட்டுப் போனார்கள். அதைப் பார்க்கப் பார்க்க அவள் ஊசி இன்னும் ஆழமாக இறங்கியது. விரல்களில் மை நகத்தோடு சேர்ந்து மேலே வளர்ந்துகொண்டே போயிற்று.

ஒருநாள் பாத்திரம் கழுவுகிற பெரியவர் வந்து உட்கார்ந்தார். வழக்கமாக நீட்டும் இடது கையை மறைத்துக்கொண்டு வலது கையை நீட்டினார்.

"இன்னிக்கு மட்டும் இந்தக் கையில பாத்துடுங்கம்மா. அந்த விரலெல்லாம் சோப்புத் தண்ணி பட்டா எரியுது."

அவளுக்குக் கொஞ்சம் உறைத்தது. ஆனாலும் விடவில்லை. "ஓட்டுப் போடற அன்னிக்கு மட்டும் அப்படி என்ன வேலை உங்களுக்கு?"

பெரியவர் விழித்தார். "போட்டேனேம்மா. காலையில கதவு திறக்குறதுக்கு முன்னாடியே போய் நின்னேன். நீங்க சொன்னீங்கன்னு வக்கீலுக்குத்தான் போட்டேன்."

"மை எங்க?"

அவர் இடது கையை மேசைமேல் வைத்தார். வெளுத்து ஊறிப்போன கை. நகங்கள் பாதி தேய்ந்து, தோல் பொரிந்து உரிந்திருந்தது. "பிளீச்சிங் பவுடர்லயே கிடக்குற கை. இதுல எந்த மை நிக்கும்? ரெண்டு நாள்ல போயிடுச்சு."

அவர் விரல் நுனிகளின் நடுவில் கருஞ்சிவப்பாகப் புள்ளிகள் இருந்தன. எல்லாம் அவள் கைவரிசை. அவள் அவற்றைத் தடவிப் பார்த்தாள்.

"இத்தனை நாளா வலிச்சுதா?"

"வலிச்சுது. உங்களுக்கு வீட்டுல ஏதோ கஷ்டம் போலிருக்கு, கை நிதானமா இல்லேன்னு நெனச்சுக்கிட்டேன்."

அவளுக்கு அங்கேயே தலையை மேசையில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. மை வைத்த அக்கா விரலைத் தாங்கிப் பிடித்தாள். தனக்காகவே ஓட்டுப் போட்ட மனுஷன் விரலை இத்தனை நாள் துளைத்துக்கொண்டிருந்தாள். திருகைக் குறைத்து, விரலைத் திருப்பி, ஓரத்தில் குத்தி அனுப்பினாள். வரிசையில் நின்றவர்களை எல்லாம் பார்த்து முடித்ததும், மீட்டரைப் பைக்குள் போட்டுக்கொண்டு நேரே பள்ளத்தெருவுக்கு நடந்தாள்.

அக்கா மெஷினில்தான் உட்கார்ந்திருந்தாள். தங்கையைப் பார்த்ததும் மிதிப்பதை நிறுத்தவில்லை. அறைக்குள் காலெடுத்து வைத்ததுமே எறும்பக்காவின் மூக்குக்குத் தெரிந்துவிட்டது. மருத்துவ நிலையத்தில் இருக்கிறவளுக்கு புண் அழுகும் வாடை தெரியாதா? குனிந்து பார்த்தாள். அக்காவின் வலது கால் பெருவிரலில் துணி சுற்றியிருந்தது. துணி ஈரமாக இருந்தது.

"மெஷின் மிதியில உரசியிருக்கு போல. வலியே இல்லடி. அதான் பாக்கல" என்றாள் அக்கா.

"சர்க்கரை?"

"நல்லாத்தான் இருக்கு. வாராவாரம் பாக்குறேனே."

"யாருகிட்ட?"

"நீதானே சொன்னே, பஞ்சர் கடைக்காரர்கிட்ட காட்டுன்னு. காட்டினேன்."

அக்கா கையை விரித்துக் காட்டினாள். பத்து விரல் நுனியிலும் நட்டநடுவில் கருஞ்சிவப்புப் புள்ளிகள்.

அடுத்த வாசல்தான் பஞ்சர் கடை. எறும்பக்கா போய் நின்றதும் அவர் தண்ணீர்த் தொட்டியில் டியூபை விட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, ஒரு பழைய மீட்டரை எடுத்துவந்தார். இறந்துபோன அவர் மனைவியுடையது. ரத்தம் தொடும் பட்டைகள் இருந்த டப்பாவைத் திருப்பிப் பார்த்தாள். போன வருடமே காலாவதி ஆனவை. அந்தப் பட்டையில் எந்த ரத்தத்தை வைத்தாலும் அது வாய்க்கு வந்த எண்ணைச் சொல்லும்.

"இதையெல்லாம் யாருங்க உங்களைப் பாக்கச் சொன்னது?" என்று எரிந்து விழுந்தாள்.

அவர் கோபப்படவில்லை. "அவங்களை எத்தனை தடவை உங்ககிட்டப் போகச் சொன்னேன் தெரியுமா? நீங்க பாக்க மாட்டேன்னு சொல்லிட்டீங்களாமே. கண்ணு முன்னாடி ஒருத்தர் தள்ளாடும்போது நான் வேற என்ன செய்யறது?" என்றார்.

அவள் அக்காவின் அறைக்குத் திரும்பி ஓடினாள். தன் மீட்டரை எடுத்து அக்காவின் ரத்தத்தைப் பார்த்தாள். அது எண்ணே காட்டவில்லை; இவ்வளவு சர்க்கரையை அளக்க என்னால் முடியாது என்று கையை விரித்துவிட்டது. பஞ்சர் கடைக்காரர் தன் மூன்று சக்கர வண்டியில் இருந்த டயர்களை எல்லாம் தெருவில் இறக்கிவைத்தார். அக்காவை அதில் உட்காரவைத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். உயிர் தப்பியது. பெருவிரலும் அதற்கு அடுத்த விரலும் போயின.

நிலையத்தை இடித்தார்கள். எறும்பக்காவை வரி கட்டும் கவுன்டருக்கு மாற்றினார்கள். யாராவது, "எவன் வந்தா என்ன" என்று அங்கே பேச்சை ஆரம்பித்தால் அவளுக்கு இன்னும் சுருக்கென்றுதான் இருக்கிறது. அதை அவள் மறைப்பதில்லை. நூறு சொச்சம், முந்நூறு என்ற கணக்கு அன்றும் சரி, இன்றும் சரி. அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு யார் முகத்தில் விழிப்பது என்பதுதான் அவளுக்குத் தெரியவில்லை.

வேலைக்குப் போகும் முன் தினமும் அக்கா வீட்டுக்குப் போகிறாள். மெஷின் மூலையில் துணி போர்த்தி நிற்கிறது. மிதிக்க அக்காவுக்குக் கால் சரியாக ஊன்றவில்லை. அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து வந்த முதல்நாள் கட்டிலோரம் உட்கார்ந்து கையைப் பிடித்தபோது, ஆள்காட்டி விரல் நகத்தின் நுனியில் மை ஒரு கீற்றாக மிச்சம் இருந்தது.

"அடுத்த தடவையும் அவருக்குத்தான் போடுவேன்" என்றாள் அக்கா. "அதைத் தெரிஞ்சுக்கிட்டே சர்க்கரையைப் பாரு."

"போடு" என்றாள் தங்கை. எறும்பு, அந்தப் பக்கம் என்றெல்லாம் சொல்லவில்லை. திருகைக் குறைத்தாள். விரலைத் திருப்பி ஓரத்தில் குத்தினாள். பஞ்சை வைத்து அழுத்தினாள்.

அக்கா கையைப் பார்த்தாள். "குத்திட்டியா?"

"குத்தியாச்சு."

"தெரியவே இல்லையேடி."

இத்தனை வருடமாக ஊரே அவளிடம் சொன்ன பாராட்டு இது. அன்றைக்கு அது அவளுக்குப் பாராட்டாகக் கேட்கவில்லை. காலில் உணர்ச்சி போன மாதிரி விரலிலும் போய்விட்டதா, இல்லை, தன் கைப்பக்குவம்தானா? அக்காவின் இன்னொரு விரலை எடுத்தாள். திருகை முழுவதும் கூட்டினாள். விரலைத் திருப்பாமல், நட்டநடுவில் ஊசியை வைத்து அழுத்திவிட்டு, அக்கா ஒரு சத்தமாவது போடவேண்டுமே என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.