பின்னாலிருந்து கூப்பிட்ட குரல்

"அசை போடுதா?" என்று கேட்டுவிட்டேன். கேட்டது ஒரு சிங்கத்தைப் பற்றி.

முப்பது வருஷத்துக்கு மேல் உத்திரமேரூர் சுற்றுவட்டாரத்தில் கால்நடை ஆய்வாளராக இருந்தவன் நான். யார் மாட்டை ஓட்டிக்கொண்டு வந்து "நேத்திலேர்ந்து ஒரு மாதிரியா கீது சார்" என்றாலும் என் வாயில் முதலில் வருவது அந்தக் கேள்விதான். இரண்டாவது, சாணி எப்படிப் போடுகிறது என்பது. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும். நமீபியாவில், சிங்கம், சிவிங்கிப்புலிகளை வைத்துக் காப்பாற்றும் ஒரு சரணாலயத்தில், கம்பிவேலிக்கு அந்தப் பக்கம் ஒரு கிழட்டுச் சிங்கம் படுத்திருப்பதைப் பார்த்ததும் என் வாய் தன் வேலையைச் செய்துவிட்டது.

"நைனா, அது இன்னா மாடா?" என்று என் மகள் சிரித்த சிரிப்பில் சிங்கமே தலையைத் தூக்கிப் பார்த்தது. அதோடு விட்டாளா? அங்கே விலங்குகளைப் பராமரிக்கும் அம்மாவிடமும் இங்கிலீஷில் சொன்னாள். அந்த அம்மாவும் வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

உண்மையில் கோபம் அன்றைக்கு வந்தது அல்ல. ஊரிலிருந்தே கொண்டு போனது. மகள் அந்த நாட்டில் ஒரு சுரங்கத்தின் லேப்பில் வேலைக்குச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது. அவள் அம்மா இறந்து நான்கு வருஷம். வீட்டில் நானும் ஒரு டிவியும். ஞாயிற்றுக்கிழமை போன் பேசி முடிக்கும்போதெல்லாம் "எப்ப வர்றே?" என்று கேட்பேன். "பாக்கலாம் நைனா" என்பாள். அவளைக் கையோடு அழைத்து வந்துவிடுவது என்று முடிவு கட்டிக்கொண்டுதான் விமானம் ஏறினேன். ஒரகடம் பக்கம் ஒரு மருந்து கம்பெனியில் லேப் வேலை காலி என்று பேப்பரில் வந்திருந்தது. அதைக் கத்தரித்துச் சட்டைப் பையில் மடித்து வைத்திருந்தேன். சரியான நேரம் பார்த்து எடுக்க வேண்டும்.

அந்த நேரம் வரவே இல்லை. லீவு போட்டுவிட்டு என்னைக் கேம்பிங் என்று கிளப்பிவிட்டாள். வண்டியின் கூரைமேல் மடக்கி வைத்த கூடாரம், அதற்கு ஓர் ஏணி. அறுபது வயதுவரை வீட்டுக்குள் படுத்தவனைக் காரின் தலையில் படுக்க வைத்தாள். வழியில் டயர் பஞ்சர். சுற்றி ஒரு ஈ காக்கை இல்லை. நான் ஜாக்கியை எடுக்கப் போனால், "நீ நெழல்ல குந்து நைனா, நான் பாத்துக்கறேன்" என்றாள். பாட்டுப் பாடிக்கொண்டே மாற்றினாள். பிறகு கையைத் துடைத்துவிட்டுச் சின்ன அடுப்பில் ரசம் வைத்தாள். நன்றாகத்தான் இருந்தது. எனக்குப் பெருமையாக இருந்திருக்க வேண்டும். எரிச்சல்தான் வந்தது. நான் எதற்குமே அவளுக்குத் தேவைப்படவில்லை.

அப்படிச் சுற்றி வந்து சேர்ந்த இடம்தான் அந்தச் சரணாலயம். சிரித்து ஓய்ந்ததும் பராமரிக்கும் அம்மா ஒரு குரல் கொடுத்தார். சிங்கம் எழுந்து, வளர்த்த கன்று வருவதுபோல வேலியோரம் வந்து உரசி நின்றது. நான் அதன் முகத்தைப் பார்க்கவில்லை, நடையைத்தான் பார்த்தேன். இடது பின்னங்காலை முழுசாக ஊன்றவில்லை.

"நகம் வளைஞ்சு உள்ளாற ஏறிக்கினு கீது. கேட்டுப் பாரு" என்றேன் மகளிடம்.

கேட்டாள். அந்த அம்மாவின் சிரிப்பு நின்றது. அடுத்த வாரம் மயக்க ஊசி போட்டு அந்த நகத்தைத்தான் வெட்டப் போகிறார்களாம். அப்புறம் எனக்குக் கிடைத்த மரியாதையே தனி. நாற்காலி வந்தது, டீ வந்தது. நானும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு, கால் சரியானால் இதைக் காட்டில் விட்டுவிடலாமே என்று கேட்டேன்.

மகள் கேட்டுச் சொன்னாள்: "முடியாதாம் நைனா. குட்டியிலேர்ந்து புட்டிப்பால் குடுத்து வளத்தது. மனுசன் கூப்ட்டா வந்துடும். வெளிய வுட்டா நேரா யாரு பண்ணைக்காவது போய் நிக்கும், சுட்டுடுவாங்களாம்."

கொஞ்சம் தள்ளி, துணி கட்டி மறைத்த ஒரு வேலி இருந்தது. உள்ளே தாயில்லாத சிவிங்கிப்புலி ஒன்று. அதை மட்டும் காட்டில் விடப் போகிறார்கள். அதனால் யாரும் அதற்கு முகம் காட்டுவதில்லை, பேசுவதில்லை. கறியைக்கூட மறைவிலிருந்து தள்ளிவிடுகிறார்கள். அங்கே போனதும் மகளே குரலைத் தணித்துக்கொண்டாள்.

"கதவத் தொறக்கற அன்னிக்கும் யாரும் வாயத் தொறக்கக் கூடாதாம். மனுசக் கொரல் பின்னால கேட்டா நின்னுடுமாம். ஒரு தபா திரும்பிட்டா அப்புறம் போவாதாம்."

எங்கள் பக்கத்தில் ஒருவர் கிளம்பி வாசல் தாண்டிவிட்டால் பின்னாலிருந்து கூப்பிட மாட்டோம். சோற்று டப்பாவையே மறந்துவிட்டுப் போனாலும், ஓடிப்போய் முன்னால் நின்றுதான் கொடுப்போம். தப்பித் தவறிக் கூப்பிட்டுவிட்டால், போகிறவர் நின்று ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்ப வேண்டும். நான் டிவிஎஸ்ஸை எடுத்த பிறகு கூப்பிட்டதற்காக என் மனைவியை எத்தனை தடவை திட்டியிருக்கிறேன்! அந்த நான்தான் ஆறு வருஷமாக, ஞாயிறு தவறாமல், கிளம்பிப் போன பெண்ணைப் பின்னாலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறேன். கையிலிருந்த டீ ஆறிப்போனது. எனக்கு வெட்கமாக இருந்தது.

மிச்சமிருந்த நாட்களில் நான் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. பேப்பர் துண்டையும் எடுக்கவில்லை.

விமான நிலையத்தில் அவள் வரக்கூடிய எல்லை வரை வந்தாள். தலையைத் தொட்டுவிட்டுத் திரும்பி நடந்தேன். பத்தடி போயிருப்பேன்.

"நைனா!"

நின்றேன். வேகமாக வந்தாள். "சட்டை தோய்க்கும்போது அந்தப் பேப்பரைப் பாத்தேன். மடிச்சு அப்டியே திரும்ப வெச்சுட்டேன். இன்னிக்குக் கேப்பே, நாளைக்குக் கேப்பேன்னு பாத்துக்கினே இருந்தேன். எப்ப வர்றேன்னு கேக்கவே இல்லியே நீ?"

 அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கைப்பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து, மூடியைத் திறந்து நீட்டினாள்.

"பின்னால கூப்ட்டுட்டேன். ஒரு வாய் குடிச்சுட்டுப் போ."

குடித்தேன். "போயிட்டு வரேம்மா" என்றேன். எப்போது என்று அவளும் கேட்கவில்லை.