எது ஒன்று, எது இரண்டு

முக்கூடல் ரசீத், மழையை மூன்று மாதம் முன்பே முகர்ந்துவிடுவதாகப் பீற்றுபவர். ஆனாலும் ஆற்றோரத்து மோட்டாரை எப்போது மேட்டில் ஏற்றுவது என்று எதிர்வீட்டு ப்ரீதாவின் கணினியைத்தான் கேட்பார். அது நீரளவை மட்டும் பார்த்து நாட்களை இரண்டு வகையாகப் பிரிக்கும். ஒன்று என்றால் சாதுவான நாள், இரண்டு என்றால் வெள்ளம் என்று இருவரும் பழகியிருந்தார்கள்.

ப்ரீதா புது அளவுகளைச் சேர்த்துக் கணக்கை மறுபடி போட்டதும், ஆறு கரையை முட்டும் நாளில் கணினி "ஒன்று" என்றது.

"ஏம்மா, பெட்டிக்குக் கிறுக்கா?"

"பிரிச்சது சரிதான் அண்ணாச்சி. நம்பர மட்டும் மாத்திப் போட்டிருக்கு. எது ஒண்ணு, எது ரெண்டுன்னு அதுக்குத் தெரியாது. இனிமே ஒவ்வொரு தடவையும் சராசரித் தண்ணி கூடுதலா இருக்குற வகைக்குத்தான் ரெண்டுன்னு நான் பேர் வைப்பேன்."

ரசீத் யானை நுழையுமளவு வாயைப் பிளந்தார்.

"யா அல்லா! வெள்ளம்னா என்னன்னே தெரியாம வெள்ளத்தத் தனியாப் பிரிச்சிருக்கே!"

பிளந்த வாயை மூடாமலே மோட்டாரைத் தூக்க ஓடினார்.